விசுவாசமும் கிரியையும்: ஓர் ஏகார ஆராய்ச்சி

கிறிஸ்து சமயத்தார், விசுவாசம் ஒன்றே இரட்சிப்புக்குப் போதும், நல்லொழுக்கம் வேண்டுவதின்று என்பர் என நம்மவருட் சிலர் மேடைகளிற் கூறி, எளிதின் மறுத்துச் செல்லுதல் உண்டு. யானும் தமிழாசிரியனாக இருந்த காலத்து மாணாக்கர்க்கு அங்ஙனமே கூறினேன். அதனைக் கேட்டிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் பின்னர்த் தனித்து வந்து, "ஐயா, யாக்கோபின் நிருபத்தைத் தாங்கள் படித்ததுண்டோ?" என வினாவினார். "இல்லை" என்பதன்றி என்பால் விடையில்லை. பரபக்கம் கூறுவார், பிறர் மதத்தை முதற்கண் அவர்தாமே ஒப்புமாறு எடுத்து நிறுத்தல் வேண்டும் என்பது மடத்திற் பாடங்கேட்ட நாளிலேயே எனக்குக் கற்பிக்கப்பட்ட முறை. அம்முறையினின்றும் யான் வழுவினேன். அவ்வழுவைத் தீர்த்தற்பொருட்டு எழுந்தது இவ்வாராய்ச்சி.

விவாதத்திற்கு மூலமாவன இரண்டு வாக்கியங்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்திற் (3:28) பவுல், மனிதன் நீதிமானாவது விசுவாசத்தால், நியாயப்பிரமாணக் கிரியைகளால் அன்று என்று முடிபு கூறுகின்றார். யாக்கோபோ தம் நிருபத்தில் (2:24), விசுவாசம் மட்டும் அன்று, கிரியையும் வேண்டும் என்கின்றார். வியப்பு என்னையெனின், இருவரும் எடுத்துக்காட்டாகக் கொண்டவர் ஆபிரகாம் ஒருவரே. இருவரும் மேற்கோளாகக் கொண்டதும் ஆதியாகமம் 15:6 என்னும் ஒரே வாக்கியமே. ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுதற்கு முன்னரே நீதிமானாக எண்ணப்பட்டார் என்பது பவுலின் வாதம். மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த செயலாலே அவர் விசுவாசம் நிறைவெய்திற்று என்பது யாக்கோபின் வாதம்.

இனி, 'மட்டும்' என்னும் சொல்லை நோக்குவாம். மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28-இல் 'மட்டும்' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. இஃது இடைச்செருகல் எனப் பிறர் குறை கூறியபோது, 1530-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில், ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை விலக்குமிடத்து அச்சொல்லை வேண்டுதல் ஜெர்மானிய மொழியின் இயல்பு என விடை கூறினார். 'விசுவாசத்தால் மட்டும்' என்னும் தொடர் புதிய ஏற்பாட்டு மூலத்தில் ஓரிடத்தே உளது. அஃது யாக்கோபு 2:24. ஆண்டும் அது மறுக்கப்பட்டே நிற்கின்றது. இந்நிருபத்தை லூத்தர் 1522-இல் எழுதிய முன்னுரையிற் பிற நிருபங்களோடு ஒப்பிட்டு வைக்கோலுக்கு நிகராகக் கூறியதும், பிற்பதிப்புக்களில் அவ்வுரையை நீக்கியதும் அறியத்தக்கன.

தமிழின் நிலை யாதெனின், பழைய தமிழ்த் திருப்புதலில் ரோமர் 3:28-இல் உள்ள சொல் 'விசுவாசத்தினாலேயே' என்பது. தனிச்சொல் சேர்க்கவேண்டாது ஏகாரமே இங்கு அத்தொழிலைச் செய்கின்றது. இவ்வேகாரம் தேற்றமோ, பிரிநிலையோ? தேற்றமாயின் விசுவாசத்தாலாதல் துணிவு என்பதே பொருள், பிறிதொன்றை விலக்கிற்றில்லை. பிரிநிலையாயின், எதனின்று பிரித்தது என்னும் வினா எழும். அவ்வாக்கியத்தில் விலக்கப்படுவது கிரியை ஆகலின் பிரிநிலை எனக் கோடலே பொருந்தும். எனவே, எக்கிரியையினின்று, எவ்வகையாற் பிரித்தது என்பதே ஆராய்தற்குரியது.

பவுல் விலக்கியது நியாயப்பிரமாணக் கிரியை. யூதரல்லாதார் விருத்தசேதனம் செய்துகொள்ளல் வேண்டுமோ என்பது அவர் காலத்துப் பெருவழக்கு. 1977-இல் வெளிவந்த தம் நூலில் ஈ. பி. சாண்டர்ஸ், அக்காலத்து யூதரும் கிரியையை விலையாகக் கொடுத்து இரட்சிப்பைப் பெறலாம் எனக் கொண்டிலர் என்று நிறுவ முயன்றார். அவர்க்குப் பின் ஜேம்ஸ் டன் முதலியோர், பவுல் சிறப்பாக விலக்கியன யூதரை ஏனையோரினின்று வேறுபடுத்தும் அடையாளக் கிரியைகளே என்றனர். அதனை உடன்படாதாரும் பலர் உளர். யாக்கோபு வேண்டுவனவோ பசித்தார்க்கு உணவும் ஆடையில்லார்க்கு ஆடையும் ஈதல். ஆகவே 'கிரியை' என்னும் ஒரு சொல் இருவரிடத்தும் ஒரு பொருட்டன்று.

'விசுவாசம்' என்பதும் அத்தகையதே. பேய்களும் கடவுள் ஒருவர் என நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு இகழ்ந்தது வெறும் உடன்பாட்டை. பவுல் கூறுவதோ தன்னை முற்றும் ஒப்புவித்து நிற்கும் பற்றுறுதி. 'பிஸ்திஸ்' என்னும் கிரேக்கச் சொல் நம்புதலையும் உண்மை தவறாமையையும் ஒருங்கு குறிக்கும். ரோமர் 3:3-இல் அது கடவுளின் உண்மை தவறாமையையே குறித்து நின்றது. தமிழிலும் எசமான விசுவாசம் என்னும் வழக்கில் அவ்விரண்டாம் பொருள் உளதன்றோ? எசமானனை நம்புகின்றேன் என்று சொல்லி, ஏவிய பணியைச் செய்யாதானை விசுவாசமுடையான் என்பார் யாண்டும் இலர்.

அற்றேல், முரண் தீர்ந்ததன்றோ எனின், ஓரளவு தீர்ந்தது. கிரியை விசுவாசத்திற்குக் காரணமன்று, காரியம். புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிதல்போலக் கிரியை கண்டு விசுவாசம் உண்டென்று துணியப்படும். பவுல் மறுத்தது கிரியை காரணமாதலை. யாக்கோபு வற்புறுத்தியது அஃது ஏதுவாதலை. லூத்தர்க்கும் இது கருத்தே. ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், தீயினின்று சூட்டையும் ஒளியையும் பிரித்தல் இயலாதவாறுபோல விசுவாசத்தினின்று கிரியையைப் பிரித்தல் இயலாது என்னும் கருத்தை அவரே கூறினார். 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும், விசுவாசம் நற்கனி தருதல் கடன் என்கின்றது. எனவே 'ஒழுக்கம் வேண்டா' என்பது லூத்தர் மதமும் அன்று.

ஆயினும் உரோமைத் திருச்சபையோடு பிணக்கு இவ்விடத்தேதான் நிற்கின்றது. 1547-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் திரெந்து நகரப் பொதுச்சங்கம் நீதிமானாதலைப் பற்றி 33 விதிகளை வகுத்தது. அருளின்றித் தன் கிரியையால் மனிதன் நீதிமானாவான் என்பாரை அதன் முதல் விதியே விலக்குகின்றது. ஆகலின் உரோமையார் கிரியையே போதும் என்பார் என்பதும் பிழை. ஒன்பதாம் விதி, வேறெவ்வகை ஒத்துழைப்பும் வேண்டாதவாறு விசுவாசம் மட்டும் போதும் என்பாரை விலக்குகின்றது. இருபத்துநான்காம் விதி, நற்கிரியை பெற்ற நீதியின் கனியும் அடையாளமுமே, அதன் வளர்ச்சிக்குக் காரணமன்று என்பாரை விலக்குகின்றது. மேலே யாம் முரண் தீர்த்த வழியையே இவ்விதி மறுத்தவாறு காண்க.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டு கழிந்து, 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், லூத்தரன் உலகக் கூட்டமைப்பாரும் கத்தோலிக்கத் திருச்சபையாரும் ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். தம் தகுதியாலன்றி, அருளால் மட்டும், கிறிஸ்துவின் செயலில் வைத்த விசுவாசத்தால் மனிதர் ஏற்கப்படுகின்றனர். அவ்வருளே நற்கிரியைக்கும் அவரை ஆயத்தம் செய்கின்றது என்பது அதன் சாரம். மெதடிஸ்தர் 2006-இலும் சீர்திருத்தச் சபைகளின் உலக ஒன்றியத்தார் 2017-இலும் அதனோடு இயைந்தனர். இதில் ஏகாரம் விசுவாசத்தை விட்டு அருளின்மேல் ஏறியது நோக்கத்தக்கது. அருளின்மேல் அஃது ஏறவே இரு திறத்தாரும் உடன்பட்டனர்.

இனி எமக்கு எஞ்சும் ஐயம் இரண்டு. கிரியை விசுவாசத்தின் அடையாளமே எனின், தன்பாற் கிரியையைக் காணாது வருந்தும் ஒருவன் தன் விசுவாசத்தை எங்ஙனம் துணிவான்? துணிவு பின்னும் கிரியையையே சார்ந்ததன்றோ? இது லூத்தர் வழியினர் விடுக்கற்பாலது. கிரியை நீதியை வளர்க்கும் எனின், முழுதும் அருளே என்பது யாங்ஙனம் நிலைபெறும்? இஃது உரோமையார் விடுக்கற்பாலது. சிலுவையிற் கிரியைக்குக் காலமின்றி ஏற்கப்பட்ட கள்வனை முன்னையோர் காட்டுவர். அவனும் தன் உடன்கள்வனைக் கடிந்து, தன் குற்றத்தை ஒப்பினான் அன்றோ? அவ்வளவேனும் கிரியையே.

ஆதலின், கிறிஸ்து சமயத்தில் விசுவாசமே போதுமோ எனின், போதும் என்பார் உளர். ஆயின் அவர் கூறும் விசுவாசம் கிரியையை ஈன்றே தீர்வது. விசுவாசம் உடையேன் என்று சொல்லுதலே போதும் என்பார் அச்சமயத்தின் தலையாய சான்றோருள் இலர். அச்சமயத்தை மறுக்கப் புகுவார் மேற்காட்டிய ஐயங்களை எழுப்புக. இல்லாத கொள்கையை ஏற்றி மறுத்தல் தவிர்க. அன்று எனக்கு விடையின்றிச் செய்த அவ்வாசிரியர்க்கு யான் செலுத்தும் நன்றி இதுவே.