பீறிடல்: சொல்லும் கிழிசலும்

நம் விமர்சனத்தில் தனிச் சலுகை பெற்றுவிட்ட சொல் 'பீறிடல்'. கவிதை பீறிடுகிறது, கோபம் பீறிடுகிறது, தலித் எழுத்தோ ஓயாமல் பீறிட்டுக்கொண்டே இருக்கிறது. எதைக் கிழித்துக்கொண்டு என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் மதிப்புரைகளில் எழுதித் தள்ளியவன்தான்.

பீறுதல் என்றால் கிழிதல், கிழித்தல். பீறல் என்றால் கிழிசல், கந்தல். 'ரத்தம் பீறிட்டு அடிச்சிருச்சு' என்று ஊரில் சொல்லும்போது தோல் கிழிந்த சேதியும் சேர்ந்தே வருகிறது. சொல்லின் வேரில் இருப்பது ஒரு தடையும் அது அறுந்த இடமும். இதன் கூட்டாளிச் சொற்களும் அப்படித்தான். பொங்குவதற்குப் பானை வேண்டும், அடியில் தீ வேண்டும். சுரப்பதற்கு மடி வேண்டும். 'மடை திறந்த வெள்ளம்' என்பதில் மடையும் உண்டு, திறந்த கையும் உண்டு. இந்தச் சொற்கள் தங்கள் கொள்கலனைக் கூடவே சுமந்து வருகின்றன. அதை ஒளித்துவைப்பவன் விமர்சகன்.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்கள் கொடைக்கானலுக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால் வெள்ளி அருவியைக் கடக்கின்றன. சுமார் 180 அடி உயரம். இயற்கை தானாகப் பீறிடும் காட்சி என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அங்கே கேரட் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சொன்னார்: "மேல ஏரி நெறஞ்சாத்தான் தம்பி இங்க கொட்டும். இல்லாட்டி சும்மா கசிஞ்சுட்டுக் கெடக்கும்." அந்த ஏரி 1863ல், மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது. அது வழிந்து வரும் நீரைத்தான் நாம் அருவி என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். 'தன்னியல்பு' என்று நாம் கொண்டாடுவதற்கு மேலே ஒரு கரை இருக்கிறது. கரையோடு கலெக்டரின் பெயர் நிற்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

கவிதையியலிலும் இதே மறதிதான். வேர்ட்ஸ்வொர்த் 1800ல் எழுதிய முன்னுரையிலிருந்து உணர்ச்சிப் பெருக்கு என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீண்ட யோசனையையும், அமைதியில் நினைவுகூர்தலையும் அவர் அங்கேயே வலியுறுத்தியதை விட்டுவிட்டோம். நம் மரபின் 'ஆசுகவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசு என்றால் வடமொழியில் விரைவு. ஆனால் எதிரே இருப்பவர் கொடுத்த பொருளில், கேட்ட யாப்பில், அந்தக் கணமே பாடுபவன்தான் ஆசுகவி. காளமேகம் பொழிந்தார் என்கிறோம். தளை தட்டாமல் பொழிவதற்கு முன் எத்தனை வெண்பா உள்ளே தேங்கியிருக்க வேண்டும்!

சரி, இது வெறும் சொல்லாராய்ச்சியா? இல்லை. யாருக்கு எந்தச் சொல்லை வழங்குகிறோம் என்பதில் ஒரு அதிகாரம் செயல்படுகிறது. மேல்சாதிப் படைப்பாளி 'செதுக்குகிறார்', 'நெய்கிறார்'. தலித் படைப்பாளிக்குப் 'பீறிடுகிறது'. முன்னதில் எழுவாய் ஒரு மனிதர். பின்னதில் மனிதரே காணோம், திரவம் மட்டும் இருக்கிறது. பாராட்டைப் போலத் தோன்றும் இந்த இலக்கணம், கலைத்திறனைப் பறித்துக்கொண்டு வேதனையை மட்டும் விட்டுவைக்கிறது.

1992ல் வந்த பாமாவின் 'கருக்கு' இப்படித்தான் அடிக்கடி வாசிக்கப்பட்டது. அந்தப் பிரதியோ ஒரே வாழ்க்கையை நேர்கோட்டில் சொல்லாமல், வெவ்வேறு கோணங்களிலிருந்து திரும்பத் திரும்ப அணுகுகிறது. ஊர்ப் பேச்சை வசனத்துக்கு மட்டும் ஒதுக்காமல் கதைசொல்லலுக்கே மொழியாக்குகிறது. இவை ஒரு எழுத்தாளர் எடுத்த முடிவுகள்.

தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்களை மடைக்குடும்பன், நீர்க்கட்டி என்று அழைத்தார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிறைந்த கண்மாயில் மூழ்கி மடை திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. வெள்ளத்தை உவமையாக்கிய நாம், முங்கியவரை உவமைக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அவருடைய பேத்தி எழுத வரும்போதும் அதையே செய்கிறோம்.

கருக்கு என்பது பனைமட்டை விளிம்பின் ரம்பப் பல். மட்டையில் அது தானாக முளைக்கிறது. அதைக் கையிலெடுத்து, எந்தப் பக்கம் அறுக்க வேண்டும் என்று தீர்மானிப்பது தானாக நடப்பதில்லை.