உமணர் வண்டியில் உறங்குமிடம் யாது?

பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைக் கூறும் பகுதியைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர்க்கு இக்காலத்தில் ஓர் ஒப்புமை நாவின் நுனியில் வந்து நிற்கும். உண்ணவும் உறங்கவும் வசதி செய்யப்பெற்ற 'கேம்பர் வேன்' என்னும் ஊர்தியை மாணாக்கர் படத்திலும் நேரிலும் பார்த்திருக்கின்றனர். ஆதலின், 'இதனை நம் முன்னோர் அன்றே கண்டனர்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லிவந்தேன். சொன்னது பிழை என்று இப்போது கருதுகிறேன். பிழை சிறிதாயினும் அது பாட்டின் நயம் ஒன்றை மறைத்து நிற்கிறது. ஆகலின் அதனைச் சற்று விரித்து எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் வழியாகத் தெற்கே சென்றால் மோரிப் கடற்கரையை அடையலாம். இத்தகைய கடற்கரைகளில் விடுமுறை நாள்களில், மாலை மங்கிய பின் மர ஓரமாக ஒதுங்கி நிற்கும் வேன்களைக் காண்கிறோம். அவற்றுட் சில வெளிப்பார்வைக்குச் சாமான் ஏற்றும் வேன்களே. சன்னற் கண்ணாடியின் அளவுக்கு வெட்டிய தடித்த துணியோ அட்டையோ உட்புறம் பொருத்தப்பட்டிருக்கும். விளக்கொளி வெளியே கசியாது. இரவில் எழுந்து போக நேர்ந்தால் கீழே இறங்காமலே ஓட்டிச் செல்லலாம் என்று, வண்டியின் முகத்தைச் சாலையை நோக்கி நிறுத்தியிருப்பர். இருட்டிய பின் வந்து, விடியுமுன் போய்விடுதல் இக்கலையில் தேர்ந்தோர் வழக்கம். உள்ளே இருக்கை மடிந்து கட்டிலாகும். கட்டிலின் அடியில் அடுப்பும் பாத்திரமும் அடங்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் கதவை அடைத்து உறங்குவது எளிதன்று; குளிர்ச்சிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கியோர் நச்சுக்காற்றால் மாண்ட செய்தியும் நாளேடுகளில் வந்ததுண்டு. அது நிற்க. இவ்வூர்தியின் இலக்கணம் யாது என்று வினவினால், உள்ளே ஒருவர் உறங்குகிறார் என்பதைப் பிறர் அறியாதிருத்தலே எனலாம். படுக்கை இதன் உயிர்; மறைவு இதன் காவல்.

இனிப் பாட்டிற்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிகளில் உமணர்க்கு ஏறத்தாழ இருபது அடிகளை ஒதுக்கியிருக்கிறார். ஆற்றுப்படைப் புலவர் வழியில் எதிர்ப்படும் ஒவ்வொன்றையும் பாணனுக்குக் காட்டிச் செல்பவர். ஆயினும் ஒரு வண்டிக்கு இத்துணை இடம் கொடுத்தது வியப்பே. அவர் கண் சக்கரத்திலிருந்து தொடங்குகிறது. மத்தளம் போன்ற முழுமரத்து உருளை, கணைய மரங்களைச் சேர்த்தாற்போன்ற பருத்த பார், அதன்மேல் ஆரை வேய்ந்த கூரை. மாரிக்காலத்து மலைமேல் மேகம் கவிந்தாற்போல அக்கூரை வண்டியின்மேல் கவிந்து கிடக்கிறது. வாயிலிற் கோழிக்கூடு இருக்கிறது. இளம் பிடியின் முழங்காலை ஒத்த சிற்றுரல் ஒன்று தொங்கி ஆடுகிறது. காடி வைத்த கலத்தை, ஆடுகளத்து மகளிரின் இசைக்கருவியை இழுத்துக் கட்டுவதுபோல், கயிற்றால் பிணித்திருக்கின்றனர். முன்புறத்தே கையிற் குழந்தையுடன் ஒரு பெண் எருதுகளை முதுகிலடித்து ஓட்டுகிறாள். வேப்பிலை மாலை அணிந்த வலிய ஆடவர், வரிசையாகச் செல்லும் வண்டிகளின் இரு மருங்கும் காத்து நடக்கின்றனர். உப்பின் விலையைக் கூவிக்கொண்டே போகின்றனர்.

உரலைச் சொன்ன புலவர், காடிக் கலத்தைச் சொன்ன புலவர், கலத்தைக் கட்டிய கயிற்றையும் விடாத புலவர், இம்மக்கள் இரவில் எங்கே படுத்தனர் என்பதை ஓர் அசையாலும் சொல்லவில்லை. பாயில்லை, தலையணையில்லை, தழைப்படுக்கையுமில்லை. மறந்தார் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஏனெனில் உறக்கத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இப்பகுதியில் இருக்கவே செய்கிறது. 'சேக்கும்' என்பது அச்சொல். படுக்கைக்குப் பெயராகிய 'சேக்கை' இவ்வினையிலிருந்து வந்ததே. அச்சொல்லைப் புலவர் யாருக்குக் கொடுத்தார்? கோழிக்கு! வண்டி முழுவதிலும் தனக்கென்று உறங்குமிடம் பெற்ற உயிர் அந்தக் கோழி ஒன்றே.

அதனை அடுத்து நிற்கும் உவமையையும் நோக்குக. யானை புனத்தில் புகாதபடி காப்போரின் குடிலைப் போன்றது என்கிறார். இவ்வுவமை கூட்டிற்கா, கூரை வேய்ந்த வண்டிக்கா என்பதில் கருத்து வேறுபடலாம். எதற்காயினும் என் கருத்துக்கு இடையூறில்லை. யானைக் காவலரின் குடில் உறங்குவதற்காகக் கட்டியதன்று. இரவெல்லாம் கண்விழிப்பதற்கென்றே கட்டிய குடில் அது. வீட்டிற்கு உவமை தேடிய புலவர்க்கு வீடுகள் கிடைக்காமற் போகவில்லை. இவர் தேடியெடுத்தது விழித்திருப்பவரின் குடிலை.

புலவர் சொல்லாமை ஒன்றையே சான்றாகக் கொள்ளலாமோ என்று ஆசிரிய நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். தடை நேரியதே. சொல்லாதன எல்லாம் இல்லாதன ஆகா. ஆகவே பிற பாடல்களையும் நோக்க வேண்டும்.

புறநானூற்று 102-ஆம் பாட்டில் ஔவையார் உமணர் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். எருதோ நுகம் பழகாத இளையது. வண்டியிலோ பண்டம் மிகுதியாக ஏற்றப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் என்ன நேருமோ என்று அஞ்சி, உமணர் கீழ்மரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைக்கின்றனர். பொகுட்டெழினிக்கு அச்சேம அச்சை உவமையாக்கிய நயத்தைப் பலரும் பாராட்டியிருக்கின்றனர். நமக்கு இங்கே வேண்டுவது அந்த வண்டியின் சுமை. அச்சு முறியும் அளவுக்கு உப்பேற்றிய வண்டியில் ஆள் காலை நீட்டிப் படுக்க இடமேது? ஆரைக்கூரை யாருக்காக வேயப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். மழைத்துளி பட்டால் கரைந்துபோவது மனிதனன்று, உப்பு. கோழிக்கூடு வாயிலிலும், கலமும் உரலும் தொங்கவிட்டும் இருப்பதற்குக் காரணமும் இதுவேயாம். உள்ளே இடமில்லாத குடும்பம் தன் வாழ்வையே வண்டியின் புறத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. கைக்குழந்தையை மட்டும் மூட்டைகளின் இடையே கிடத்தியிருக்கலாம். அதனை நான் மறுக்கவில்லை.

அவர்கள் இரவைக் கழித்தது தரையில் என்பதற்கு அகநானூற்றில் ஒரு தடயம் உண்டு. 159-ஆம் பாட்டில், நுகம் அழுத்திய பிடரியையுடைய எருதுகளைப் பரவ விட்டு, உமணர் இளைப்பாறிப் போயினர். அவர்கள் விட்டுச்சென்ற அடுப்புக் கற்கள் காட்டில் கிடக்கின்றன. பின்னர் ஆநிரை கவர்ந்து வரும் வில்லேந்திய ஆடவர் அக்கற்களிலேயே ஊன் சமைத்து உண்கின்றனர். 119-ஆம் பாட்டிலும் இத்தகைய அடுப்பே வருகிறது. வண்டியில் அடுப்பில்லை என்பது இதனால் பெறப்படும். அடுப்பு எங்கோ அங்கேதான் படுக்கையும் இருந்திருக்கும். நற்றிணை 183-ஆம் பாட்டு மேலும் ஒரு செய்தி தருகிறது. வெண்ணெல்லைத் தந்து உப்பை மாற்றிச் செல்லும் உமணர், ஓரிடத்தில் தங்கித் தங்கிச் சலித்த சுற்றத்தாரோடு புறப்படுகின்றனர். அவர்கள் போவதும் காண்பார்க்குத் துன்பமாம். வந்ததும் இருந்ததும் போவதும் ஊரறிய நடந்தாலன்றி, அப்பிரிவு ஊராரை வருத்துதல் எங்ஙனம்? புறநானூற்று 116-ஆம் பாட்டிலோ, பாரியை இழந்த மகளிர் குப்பைமேடு ஒன்றில் ஏறி நின்று, சாலையிற் போகும் உப்பு வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். எண்ணும்படி வெளிப்படையாகச் சென்றவை அவ்வண்டிகள்.

இங்கேதான் நம் ஒப்புமை முற்றும் உடைந்துபோகிறது. மோரிப்பில் நிற்கும் வேனுக்குக் காவல், பிறர் அறியாமை. உமணர்க்குக் காவல், பிறர் அறிதல். கூவிக்கொண்டு செல்கின்றனர், கூட்டமாகச் செல்கின்றனர், மருங்கில் ஆள் நடக்கிறான். மறைந்து தங்கும் உமணன் ஒருவனைச் சங்க இலக்கியத்தில் நான் கண்டதில்லை. இவ்வொழுகைக்கு இன்று நம் நாட்டில் ஓர் உறவு தேடுவதாயின், தைப்பூசத்தில் பத்துமலைக்குக் குடும்பத்தோடு வந்து, வேனின் கதவைத் திறந்து போட்டு, பக்கத்தில் பாய் விரித்து, பாட்டி முதல் பேரன் வரை வரிசையாகப் படுத்துறங்கும் நம் மக்களைக் காட்டலாம். கையெட்டும் தொலைவில் ஆயிரம் பேர் நடந்து போவர். அதுவே அவர்களுக்குத் துணிவு.

அப்படியாயின் திரையிட்டு மறைத்த வழிப்படுக்கை பத்துப்பாட்டில் இல்லையா? உண்டு. நாம் தேடவேண்டிய இடம் முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் 103 அடிகளில் பாடிய அச்சிறு பாட்டில், காட்டை வெட்டி முள்வேலி வளைத்துப் பாசறை அமைக்கின்றனர். பல படைகளின் நடுவே, நெடிய கோல்களை நட்டுத் திரைச்சீலை வளைத்து, அரசனுக்குத் தனியிடம் செய்கின்றனர். அதனுள் வலிய கயிற்றில் திரை தொங்கவிட்டு, பள்ளியை இரண்டு அறையாகப் பிரித்திருக்கின்றனர். புறத்தே சட்டையணிந்த யவனர் காவல். கச்சில் வாள் செருகிய மங்கையர், விளக்கு அவியுந்தோறும் நெய் வார்த்துத் திரி கொளுத்துகின்றனர். உள்ளே பக்கத்தில் நிற்போர் யார்? பேசாத நாவினர், கருத்தை உடம்பின் குறிப்பால் உணர்த்தும் மிலேச்சர். அரசனின் இரவை வெளியே சொல்ல முடியாதவரையே உள்ளே நிறுத்தியிருக்கிறார் புலவர்! மறைவு என்பதற்கு இதனினும் நுட்பமான ஏற்பாடு உண்டோ? கயிற்றுத் திரை, இரட்டை அறை, மங்கல் விளக்கு ஆகிய மூன்றும் இக்காலத்துப் படுக்கை வேனில் அப்படியே இருக்கின்றன. மாணாக்கர்க்கு ஒப்புமை காட்ட விரும்பும் ஆசிரியர் இப்பகுதியைக் காட்டுக.

காட்டும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். அத்தனை ஏற்பாடும் செய்த அப்பள்ளியில் அரசன் உறங்கவில்லை. போர் வேட்கையால் கண்படை பெறாமல், ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, புண்பட்ட களிறுகளையும் மாண்ட வீரரையும் நினைந்து கிடக்கிறான். நெடுநல்வாடையிலும் இக்கதையே. நக்கீரர் 188 அடிகளில் கட்டிலுக்கு மட்டும் எத்துணை அடிகள் செலவிட்டார்! நாற்பது வயதுற்றுப் போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் செய்த வட்டக்கட்டில். துணைபுணர்ந்த அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. அதன்மேல் அரசி கண்ணீர் துடைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். அரசனோ நள்ளிரவில் புண்பட்டோரைப் பார்த்துக்கொண்டு பாசறையில் உலவுகிறான். இப்புலவர்களிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன்: படுக்கையை விரித்துச் சொல்லும் இடத்தில் உறக்கம் இல்லை. இவ்வழக்கத்தை அறிந்த பின் உமணர் வண்டியில் படுக்கை சொல்லப்படாமை குறையாகத் தோன்றவில்லை. பகலெல்லாம் எருது ஓட்டியவள் தரையில் தலை சாய்த்தவுடன் உறங்கியிருப்பாள். அதில் பாடுதற்கு என்ன இருக்கிறது?

இப்பாட்டு வழிப்போக்கர்க்குத் தரும் வாக்கு ஒன்றும் உண்டு. அதனை உமணர் பகுதிக்குச் சற்று முன்னே வைத்திருக்கிறார் புலவர். இளந்திரையன் நாட்டில் வழிப்பறி செய்வார் இல்லை, இடி முழங்காது, பாம்பு தீண்டாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது, ஆதலால், களைத்த இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிப் போ என்று பாணனுக்குச் சொல்கிறார். மிகை என்பது வெளிப்படை. இடி அரசனைக் கேட்டு முழங்குவதில்லை. ஆயினும் எங்கே வேண்டுமாயினும் இரவு தங்கலாம் என்பதை நல்லாட்சியின் முதல் அடையாளமாக வைத்தாரே, அதுதான் நினைக்கத்தக்கது. அந்த அடிகளைக் கடந்து வந்தவுடன் உமணர் குடும்பத்தைக் காட்டுகிறார். கதவில்லாத, திரையில்லாத அந்த வாழ்வு, மேற்சொன்ன வாக்கு உண்மை என்பதற்குச் சாட்சியாக நடந்து போகிறது. அதனை வீட்டு வண்டி என்று சொல்லிக் கதவும் திரையும் மாட்டிவிட்டோமாயின் சாட்சியை நாமே கலைத்தவராவோம்.

உமணர் வாழ்வை விரும்பியவன் ஒருவன் சங்க இலக்கியத்தில் உண்டு. அகநானூற்று 390-ஆம் பாட்டில் அம்மூவனார் படைத்த தலைவன் அவன். நெடுவழியில் கூட்டமாகச் செல்லும் அவர்தம் வாழ்க்கைதான் நல்லதோ என்று நெஞ்சுக்குள் கேட்டுக்கொள்கிறான். தெருத்தெருவாக, நெல்லுக்கு உப்பு நேர் என்று கூவி வந்த உமணர் மகள் ஒருத்தியை வழிமறித்துப் பேசியிருக்கிறான். 'எம்மைத் தடுக்கும் நீர் யார்?' என்று சிறுநகையோடு கேட்டுவிட்டு அவள் அகன்றாள். அவன் கண்டது பகலில், அந்த ஒரு நொடியில். வண்டிகள் அன்றிரவு எங்கே நின்றன, அடுப்புக்கல் எங்கே கூட்டினார்கள், அவள் எந்த மணலில் படுத்தாள் என்பதை அவன் கேட்கவில்லை, அம்மூவனாரும் சொல்லவில்லை.