யாருடைய ஆள்?

சங்கரன்கோவில் கடைவீதியில் மருந்துக் கம்பெனியின் ஆள் பையோடு நுழைந்தால், "ரெப் வந்திருக்கிறார்" என்பர். ரெப்ரசென்டேடிவ் என்னும் நீண்ட சொல்லின் குறுக்கம் அது. கடைக்காரரிடம் அவர் காட்டும் பணிவு பெரிது. கணக்குக் கொடுப்பதோ கம்பெனியிடம்! அனுப்பியவருக்குக் கட்டுப்பட்டவர் என்பது அச்சொல்லின் ஒரு பொருள்.

மற்றொரு பொருளும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தப் பதச் சோறு போன்றவர். கூட்டத்தில் ஒருவராய் அதன் வாழ்வைத் தன்னில் காட்டுபவர்.

தமிழில் நாம் வழங்கும் சொற்கள் இவ்விரண்டையும் தெளிவாக்கினவா? பிரதிநிதி வடசொல், அதிலுள்ள நிதி தமிழன் செவியில் பணமாகவே ஒலிக்கிறது! பேராளர் என்றாலோ, பழைய வழக்கில் பெருமைக்குரியவர் என்று பொருள். ஏவலுக்குரியவருக்கு எசமானர் பட்டமா? சார்பாளர் என்பதே நேர்மையான சொல். யார் சார்பு என்ற கேள்வியை அது உடனே எழுப்புகிறதன்றோ?

அந்தக் கேள்வி சங்கரன்கோவிலுக்கு மிக நெருங்கியது. அது தனித்தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதியினர். வாக்களிப்பவரோ எல்லாச் சாதியினரும். தனி வாக்காளர் தொகுதி கேட்டார் அம்பேத்கர். 1932 பூனா ஒப்பந்தம் அதை நீக்கிப் பொதுத் தொகுதியில் இட ஒதுக்கீடு தந்தது. ஆயினும், வேட்பாளர் நால்வரை ஒடுக்கப்பட்டோரே முதலில் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று அதில் இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை.

ஒதுக்கீடு, பூட்டிய கதவைத் திறந்த உரிமை. அதைக் குறை கூறுவோர் நம் தோழரல்லர். ஆனால் பதச் சோறாக ஒருவரை அனுப்பிவிட்டு, பிறர் பந்தியில் பரிமாறச் சொன்னால் போதுமா?

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் மூன்றாவது எசமானரையும் சேர்த்தது. கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். விலைபோவோரைத் தடுக்க வந்த சட்டம், சேரிக்காக எழும் நாவையும் கட்டிவிடக் கூடும்.

கடவுளின் சார்பாளர் என்று வருபவரை, "உம்மை அனுப்பியதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கப் பழகியவர்கள் நாம். சட்டமன்றச் சார்பாளருக்குச் சான்று உண்டு. அது நம் வாக்கு. ஆகவே தோழர்களே, அவரிடம் கேட்க வேண்டியது வேறு: சேரிக்குச் சாலை, சுடுகாட்டுக்குப் பாதை, மாணவர்க்கு விடுதி—இவற்றுக்காக அவையிலே எத்தனை முறை எழுந்தீர்? ரெப் கூடக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டுகிறார். அனுப்பிய நாம் கணக்குக் கேட்க வேண்டாமா?