கோதானத்தின் இரு கடனாளிகள்

பிரேம்சந்தின் ‘கோதானம்’ 1936ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நாவலின் மீது நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு இருந்து வருகின்றது. கிராமப் பகுதி ஒருபுறமும் நகரப் பகுதி மறுபுறமுமாக அது பிளவுண்டு கிடக்கின்றது. ஹோரியின் குடிசைக்கும் மாலதி, மேத்தா முதலியோரின் விருந்து மண்டபச் சம்பாஷணைகளுக்கும் இடையே ஒட்டுமில்லை, உறவுமில்லை. நகரத்தை வெட்டி எறிந்துவிட்டால் நாவல் செம்மையுறும் என்பது இந்தி விமர்சகர் சிலரின் தீர்ப்பு. மேத்தாவின் பிரசங்கங்களைப் பொறுத்தவரை இத்தீர்ப்போடு நமக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. பெண்மை பற்றி அவர் நிகழ்த்தும் சொற்பொழிவை இன்று பொறுமையோடு படித்து முடிப்பவர் அரியர். ஆயின், நகரத்தை முற்றாக அகற்றிவிட்டால் நாவலின் முதுகெலும்பே முறிந்துபோகும். அந்த முதுகெலும்பு கடன்.

இந்நாவலில் கடனாளிகள் இருவர் உளர். ஒருவன் பேலாரிக் கிராமத்து விவசாயி ஹோரி. மற்றவர் அவனுடைய நிலப்பிரபு ராய் சாகிப் அமர்பால் சிங். ஹோரியின் கடனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ராய் சாகிப்பின் கடன் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றிப் பிரேம்சந்த் எழுப்பிய கேள்வி புலப்படாது. யார் கடன்பட்டார் என்பதன்று அக்கேள்வி. யார் கட்டித் தீர்க்கிறார், எதைக் கொடுத்துத் தீர்க்கிறார் என்பதே.

ஹோரியின் கணக்கை முதலிற் பார்ப்போம். மங்கரு சாஹ் என்பவரிடம் 60 ரூபா வாங்கி ஓர் எருது வாங்கினான். ஐந்து வருஷங்களில் 60 ரூபாவைக் கட்டிவிட்டான். அந்த 60 ரூபாக் கடன் அப்படியே நிற்கின்றது. பண்டிதர் தாதாதீனிடம் 30 ரூபா வாங்கி உருளைக்கிழங்கு நட்டான். கிழங்கைக் கள்வர் தோண்டிக்கொண்டு போயினர். 30 ரூபா மூன்று வருஷங்களில் 100 ஆயிற்று. இவை நாவலின் தொடக்கத்திலேயே வருகின்ற கணக்குகள். வாசகன் இவற்றை வறுமையின் பின்னணி வர்ணனையாகக் கருதித் தாண்டிச் சென்றுவிடுகிறான். நாவலாசிரியர் இவற்றை வர்ணனையாக எழுதவில்லை, பேரேடாக எழுதியிருக்கிறார். பின்வரும் சம்பவங்கள் ஒவ்வொன்றும் இப்பேரேட்டில் ஒரு புதிய வரியைச் சேர்க்கின்றன.

அவற்றுள் மிகக் கூர்மையானது தண்டப்பண விவகாரம். ஹோரியின் மகன் கோபரால் கருவுற்ற வேற்றுச் சாதி விதவை ஜுனியாவுக்கு ஹோரியும் தனியாவும் வீட்டில் இடங்கொடுக்கிறார்கள். பஞ்சாயத்துக் கூடி 100 ரூபா ரொக்கமும் 30 மணங்கு தானியமும் தண்டம் விதிக்கின்றது. தானியம் களத்திலிருந்தே போய்விடுகின்றது. ரொக்கத்துக்காக ஜிங்குரி சிங்கிடம் வீட்டை 80 ரூபாவுக்கு ஈடு வைக்கிறான் ஹோரி. ஜிங்குரி சிங்கும் தாதாதீனும் அதே பஞ்சாயத்தில் அமர்ந்திருப்பவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. தண்டம் விதித்த கையே கடனையும் கொடுக்கின்றது. ஏழை ஊதாரித்தனத்தாற் கடன்படுகிறான் என்று போதிக்கும் பொருளாதார நூல்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஹோரி எந்தப் பணத்தை ஊதாரித்தனமாகச் செலவிட்டான்? ஒரு பெண்ணைத் தெருவில் விடாதிருந்ததற்கான செலவே அவனது வீட்டை விழுங்கிற்று.

பின்னர் கரும்பு அறுவடை வருகின்றது. ஆலையில் ஹோரிக்குக் கிடைத்த தொகை 120 ரூபா. ஜிங்குரி சிங் அங்கேயே நின்று தன் முதலையும் வட்டியையும் கழித்துக்கொண்டு 25 ரூபா அளவில் அவனிடம் கொடுக்கிறார். ஆலையை விட்டு வெளியேறுமுன் நிலப்பிரபுவின் காரியஸ்தர் நோகேராம் எதிர்ப்படுகிறார். அந்த 25ம் அவர் கைக்கு மாறுகின்றது. ஒரு வருஷ உழைப்பு வெறுங்கையோடு வீடு திரும்புகின்றது. இதனைப் பிரேம்சந்த் ஓலமிட்டு எழுதவில்லை. எண்ணிக்கை மாத்திரம் கூறிவிட்டு நகர்கிறார். நமது சிறுகதையாசிரியர்கள் இவ்விடத்தைப் பலமுறை படிப்பது நன்று.

ஹோலிப் பண்டிகையன்று கிராமத்து இளைஞர் ஆடும் கேலிநாடகம் இதே கணக்கின் மறுபக்கம். 10 ரூபாவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்த விவசாயிக்குக் கையில் 5 ரூபா கிடைக்கின்றது. காணிக்கைக்கு ஒன்று, எழுத்துக்கூலிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, தரகுக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று என்று ஐந்தும் கழிந்துவிட்டன. மிஞ்சிய 5 ரூபாவையும் விவசாயி திருப்பிக் கொடுத்து, எசமானின் இரு மனைவியருக்கும் காணிக்கை, வெற்றிலைச் செலவு, கடைசி ரூபா எசமானின் இறுதிக் கிரியைக்கு என்று பங்கிட்டு விடுகிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கின்றது. சுரண்டலின் பொறிமுறையை விளக்க எத்தனையோ துண்டுப் பிரசுரங்கள் எழுதப்பட்டுள்ளன. இந்த இரண்டு பக்கங்களுக்கு நிகரானவை சிலவே.

அப்படியாயின் ஹோரி ஏன் கட்டிக்கொண்டே இருக்கிறான்? நகரத்திலிருந்து திரும்பும் கோபர் இக்கேள்வியை நேரடியாக எழுப்புகிறான். தாதாதீனின் 30 ரூபா இதற்குள் 200 ஆகிவிட்டது. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி என்று வைத்து, பத்து வருஷத்துக்கு 36, முதலோடு 66, இதோ 70 எடுத்துக்கொள்ளும் என்கிறான் கோபர். பிராமணன் பணம் செரிக்காது என்று சாபமிடுகிறார் தாதாதீன். ஹோரி ஓடிச்சென்று அவர் காலைப் பிடித்து ஒரு சதமும் குறையாமற் கட்டுவதாகச் சத்தியம் செய்கிறான். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான இப்பிளவே நாவலின் உண்மையான திருப்புமுனை என்பது நமது கருத்து.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துக் கூறவேண்டும். வட்டி முதலின் அளவைத் தாண்டலாகாது, ஒரே தடவையிற் பெறும் தொகை இரட்டிப்புக்கு மேற் போகலாகாது என்பது தர்ம சாஸ்திரங்களே வகுத்த விதி. ‘தாம்துபட்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் அதனை ஏற்றிருந்தன. அந்த விதிப்படி 30 ரூபாவுக்கு 60 ரூபாவுக்கு மேற் கேட்க இடமில்லை. கோபர் கொடுக்க முன்வந்த தொகையே சாஸ்திரத்துக்கு மிஞ்சியது! சாஸ்திரத்தின் பெயரால் வெருட்டுகின்ற பண்டிதருக்குச் சாஸ்திரம் தெரிந்திருக்கக் கூடும், ஹோரிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது மானம் ஒன்றே. ஈடாக வைப்பதற்கு வேறெதுவும் இல்லாதவனிடம் மானமே ஈடாகப் பெறப்படுகின்றது. அந்த ஈட்டை ஏலம் விடுவதற்கு நீதிமன்றம் தேவையில்லை, முற்றத்தில் நின்று நாலுபேர் கேட்கக் குரலெடுத்தாற் போதும்.

‘ஸவா சேர் கேஹூம்’ என்ற சிறுகதையில் பிரேம்சந்த் இதனை மேலும் இறுக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றேகாற் சேர் கோதுமை வாங்கிய ஏழை விவசாயி ஏழு வருஷத்தின் பின் ஐந்தரை மணங்குக்குக் கடனாளியாகிறான். இருபது வருஷம் அடிமை செய்து மாண்டும் கடன் தீராமல் அவன் மகன் பிடிக்கப்படுகிறான். நமது மலைநாட்டுத் தோட்டங்களின் துண்டு முறையை அறிந்தவர்களுக்கு இது மிகைக் கற்பனையாகத் தோன்றாது. கங்காணிக்கும் தோட்டத்துக்கும் தொழிலாளி பட்ட கடனைக் குறித்த அந்தச் சீட்டில்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இயலாது. புதிய தோட்டம் அக்கடனை ஏற்றால்தான் அவனுக்கு வழி திறக்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முடிவு கட்டிற்று.

இனி மற்றக் கடனாளியிடம் வருவோம். ராய் சாகிப் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். அதிகாரிகளுக்குக் காணிக்கை அனுப்பவும் தவறாதவர். மகளின் கலியாணம், மைத்துனர் வழிச் சொத்து வழக்கு, சட்டசபைத் தேர்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து அவரை நெருக்குகின்றன. ஏற்கெனவே கழுத்துமட்டும் கடன். அவர் வங்கியதிபர் கன்னாவிடம் போகிறார். தரகுப் பேச்சு நடக்கின்றது. நண்பர்களுக்கிடையே சிறிது மனத்தாங்கலும் உண்டாகின்றது. ஆனால் அவர் வாசலில் நின்று எவரும் கூச்சலிடவில்லை. எவரும் அவர் எருதை அவிழ்த்துக்கொண்டு போகவில்லை. அவருடைய கடன் தீர்க்கப்படுவதில்லை, புதுப்பிக்கப்படுகின்றது. பழைய கடனைப் புதிய கடன் மூடுகின்றது. பெருங்கடன் பெருமதிப்பின் அடையாளமாகவும் ஆகின்றது. ஹோரி கட்டியபடியே இருக்கிறான், அவனுக்குக் கடன்காரன் என்று பெயர். ராய் சாகிப் தவணை மாற்றியபடியே இருக்கிறார், அவருக்கு ராஜா என்று பட்டம்.

கன்னா யார்? ஹோரியின் கரும்பு சென்ற சர்க்கரை ஆலையைத் திறந்தவர் அவரே. ஜிங்குரி சிங் யார்? நகரத்துப் பெரிய மகாஜனர் ஒருவரின் கிராமத்து ஏஜண்டு. நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒட்டில்லை என்று கூறுவோர் பணம் நடந்த பாதையைத் தொடர்ந்து செல்லவில்லை போலும். விருந்து மண்டபத்தில் ஒலிக்கும் சிரிப்புக்கும் பேலாரிக் களத்து வெறுமைக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பாத்திரங்கள் அறியமாட்டார்கள், கணக்கு அறியும்.

எனினும் நாவலாசிரியரின் கை ஓரிடத்தில் தளர்ந்திருப்பதைச் சொல்லாமல் விடமுடியாது. ஹோரியின் கடனை அணா அணாவாக எண்ணிய பேனா மாளிகைக்குள் நுழைந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுகின்றது. ராய் சாகிப் வழக்கில் வெல்கிறார், தேர்தலில் வெல்கிறார், மந்திரி பதவியும் பெறுகிறார். அதிர்ஷ்டம் அவரைக் காப்பாற்றிவிடுகின்றது. அதிர்ஷ்டமன்று, அவருடைய வர்க்கத்தின் நிறுவனங்களே அவரைக் காப்பாற்றின என்பதை அதே கறார்க் கணக்கோடு காட்டியிருந்தால் நாவலின் இரண்டாம் பாதி முதற் பாதியோடு சமநிலை எய்தியிருக்கும். ‘ஹன்ஸ்’, ‘ஜாகரண்’ என்ற பத்திரிகைகளும் அச்சுக்கூடமும் ஏற்றிய கடனுக்காக 1934இல் பம்பாய்ச் சினிமாவுக்குப் போய் எழுதிக் கொடுத்தவர் பிரேம்சந்த். சிறிய கடனாளியின் உலகத்தை அவர் உள்ளிருந்து அறிந்திருந்தார், பெரிய கடனாளியின் உலகத்தை வெளியிலிருந்தே கண்டார்.

நாவலின் இறுதியில் நிலத்தைக் காப்பாற்ற 200 ரூபாவுக்காக மகள் ரூபாவை வயதான ஒருவனுக்குக் கொடுத்த ஹோரி, வெயிலில் கூலிக்குக் கல் தோண்டி மடிகிறான். கயிறு விற்றுச் சேர்த்த 20 அணாவைத் தனியா கோதானமாகக் கொடுக்கிறாள். அதனை வாங்க நீண்டிருப்பது தாதாதீனின் கை.

தனியாவைப் பற்றி ஒன்று குறிப்பிட வேண்டும். அவள் கடன்காரரோடு வாதிடுகிறாள், வெருட்டுகிறாள், அழுகிறாள். ஆனால் பத்திரம் எதிலும் அவள் பெயர் இல்லை. இன்று நமது நாட்டில் அந்நிலை தலைகீழாகிவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் கம்பனிகள் பெண்களைத் தேடித் தேடிக் கிழமைக்கடன் கொடுத்தன. ஈடு கேட்கவில்லை, குழுவாகச் சேரச் சொன்னார்கள். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். 2018இல் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நூற்றுக்கு 220 வரை செல்லும் வட்டி வீதங்களைப் பற்றி எச்சரித்தார். இத்தகைய கடன்கள் உலகெங்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பி வருகின்றன என்று பெருமை பேசப்படுகின்றது. அந்தப் பெருமைக்கு அடியிலுள்ளது பெண்ணின் மானமே என்று வங்காளதேசக் கிராமங்களை ஆராய்ந்த லாமியா கரீம் 2011இல் எழுதினார். ஹோரியின் ஈடு இப்போது தனியாவின் ஈடாக மாறியிருக்கின்றது.

அதே 2018இல், வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அது தவணை தவறியோருக்கு மாத்திரம் உரியது. தாலியை அடைவு வைத்து, இன்னொரு கம்பனியிற் கடன் எடுத்து, தவணை தவறாமற் கட்டியவளுக்கு எதுவுமில்லை. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. 2022இல் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது சுமை ஊழியர் சேமலாப நிதியின் மீது விழுந்தது. வங்கிகள் விலக்குப் பெற்றன. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலமிட வங்கிகளுக்கு உரிமையளிக்கும் 1990ஆம் ஆண்டின் சட்டம் 2024இல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அதனாற் பயனடைந்தோருள் நலிந்த சிறு முதலாளிகளும் இருந்தனர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முற்றத்தில் வந்து நிற்பவனை எந்தச் சட்டம் நிறுத்திவைத்தது?

கடன் நமது எழுத்தில் இன்னும் பெரும்பாலும் கண்ணீர்க் காட்சியாகவே வருகின்றது. கடனாளியின் நெஞ்சக் கலக்கத்தைக் கூறும் அடியொன்றைக் கம்பன் பெயரால் மேடைகளில் முழங்குகிறோம்; கம்பராமாயணத்தில் அவ்வடி இல்லை என்பது ஒருபுறமிருக்க, கலக்கம் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றது என்ற வினா அம்முழக்கத்தில் அமுங்கிப்போகின்றது. பிரேம்சந்தின் காலத்துக் கடன்காரன் கிராமத்தில் முகமுள்ள மனிதன். கேலிநாடகத்தில் அவனை நடிக்கலாம். இன்று படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தவணை அட்டையை விரிப்பவனோ அதே மாவட்டத்துப் பையன். படித்து வேலை தேடி அலைந்து, கிடைத்ததைப் பற்றிக்கொண்டவன். மாத இலக்கை எட்டாவிட்டால் அவனுக்கும் வேலையில்லை. அவனையும் அந்தப் பெண்ணையும் ஒரே முற்றத்தில் நிறுத்தி, அட்டையிலுள்ள தொகைகளை ஒன்றுவிடாமல் எழுதி, அப்பணம் கொழும்பில் எந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேருகின்றது என்பதுவரை தொடரும் ஒரு நாவல் நமக்கு வேண்டும். அதற்குரிய செய்திகள் வன்னியில் வீட்டுக்கு வீடு தவணை அட்டைகளில் எழுதப்பட்டுக் கிடக்கின்றன.