தேவையுள்ள தெய்வம்: 'ஃப்ரம் டஸ்ட்' என்னும் கணினி விளையாட்டை முன்வைத்து

கணினித் திரையில் ஆடப்படும் விளையாட்டுகளுள் 'கடவுள் விளையாட்டு' என்றே பெயர் பெற்ற ஒரு வகை உண்டு. 1989இல் இங்கிலாந்தின் புல்ஃப்ராக் நிறுவனத்தில் பீட்டர் மோலினூ வடிவமைத்த 'பாப்புலஸ்' இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் "இது ஷிர்க்" என்று விலக்கிவிடுவோர் நம்மிடையே ஒரு சாரார். "பிள்ளைகளின் விளையாட்டில் என்ன இருக்கிறது?" என்று கேளாமல் விட்டுவிடுவோர் மற்றொரு சாரார். ஒரு பொருளின் மீதான தீர்ப்பு, அப்பொருளைப் பற்றிய தெளிவிலிருந்தே கிளைக்க வேண்டும் என்பது உஸூல் கலையின் அறியப்பட்ட விதி. இவ்விரு சாராரும் அவ்விதியைக் கடந்தே தீர்ப்பளிக்கின்றனர். எனவே இவ்வகையில் குறிப்பிடத்தக்க ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதனுள் இருப்பது என்ன என்று நோக்குவோம்.

'ஃப்ரம் டஸ்ட்' 2011இல் வெளிவந்தது. பிரான்சிலுள்ள யூபிசாஃப்ட் மோன்பெலியே கூடம் உருவாக்கியது. வடிவமைத்த எரிக் ஷாஹி, 1991இல் வெளியான 'அனதர் வேர்ல்ட்' மூலம் பெயர் பெற்றவர். எரிமலைகள் மீது தீராத நாட்டம் கொண்டவர். முகமூடி அணிந்த ஒரு பழங்குடி, தன் முன்னோரின் மறைந்த அறிவைத் தேடிப் புறப்படுகிறது. அக்குடி இசையால் அழைக்க ஓர் ஆற்றல் தோன்றுகிறது. அதற்கு 'மூச்சு' என்று பெயர். ஆடுபவர் அந்த மூச்சாகிறார். மண்ணையும் நீரையும் எரிகுழம்பையும் உறிஞ்சி எடுத்து வேறிடத்தில் கொட்டுவதே அவருடைய தொழில். மண்ணைக் கொட்டினால் வழி உண்டாகும். எரிகுழம்பைக் கொட்டினால் அது ஆறிப் பாறையாகும். அப்பாறையைக் கொண்டு வெள்ளத்திற்கு அணை கட்டலாம். ஆழிப்பேரலை வருமுன் மக்கள் நடந்து செல்லப் பாதை அமைத்து, அவர்களை அடுத்த நிலத்துக்கு அனுப்புவதே நோக்கம்.

கலை என்ற அளவில் இப்படைப்பின் சிறப்பை மறுப்பதற்கில்லை. இங்கே நிலம் வெறும் பின்னணிப் படமாக நின்றுவிடவில்லை. ஓடும் நீர் மணலை அரித்துச் செல்கிறது. தடுத்த ஆறு வேறு வழி தேடுகிறது. எரிகுழம்பு தொட்ட இடத்தில் செடிகொடிகள் பற்றி எரிந்து, தீ ஊரை நோக்கிப் பரவுகிறது. ஓரிடத்தில் செய்த உதவி மற்றோரிடத்தில் இடராக முளைப்பதை ஆடுபவர் கண்கூடாகக் காண்கிறார். மண், நீர், தீ, காற்று என்னும் நால்வகை மூலங்களை நம் முன்னோர் 'அல்அனாஸிருல் அர்பஆ' என்றனர். கிரேக்கரிடமிருந்து வந்த இக்கருத்தின் மீதே இப்னு ஸீனா தம் மருத்துவத்தை அமைத்தார். மூலங்கள் ஒன்றையொன்று சமன்செய்யும்போதே வாழ்வு நிலைக்கிறது என்ற அப்பழைய எண்ணத்தை இவ்விளையாட்டு ஏட்டின் துணையின்றி விரல் நுனியில் உணர்த்திவிடுகிறது.

இனி அகீதாவின் பக்கம் வருவோம். திருக்குர்ஆனின் அல்வாகிஆ அத்தியாயத்தில், 58ஆம் வசனம் தொடங்கி நான்கு பொருள்கள் குறித்து இறைவன் வினா எழுப்புகிறான்: மனித வித்து, நிலத்தில் விதைப்பது, பருகும் நீர், மூட்டும் தீ. ஒவ்வொன்றையும் உண்டாக்கியவர் நீங்களா, நாமா என்பதே அவ்வினாக்களின் கருத்து. விதைப்பதும் மூட்டுவதும் மனிதனின் செயல்கள் என்பதை இவ்வினாக்கள் மறுக்கவில்லை. விதைக்கும் கைக்கும் முளைப்பிக்கும் ஆற்றலுக்கும் இடையேயுள்ள தொலைவையே அவை சுட்டுகின்றன. 'மூச்சு' அத்தொலைவின் மனிதப் பக்கத்திலேயே நிற்கிறது. விளையாட்டின் பெரும்பகுதியில் அது எதையும் இல்லாமையிலிருந்து தோற்றுவிப்பதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்மக்ஸதுல் அஸ்னா' நூலில் காலிக், பாரிஉ, முஸவ்விர் என்னும் திருநாமங்களை விளக்கக் கட்டடத்தை உவமை கொள்கிறார். திட்டமிடுபவன், கட்டுபவன், அழகூட்டுபவன் என மூவர் அங்கே வேண்டும்; இறைவனோ அம்மூன்றும் தானேயானவன். இந்த அளவுகோலில் 'மூச்சு' கட்டுபவனின் கூலியாள் என்ற நிலையைத் தாண்டவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. இந்த மூச்சுக்கு மனிதர்கள் தேவை. அவர்கள் அழைத்தாலன்றி அது தோன்றுவதில்லை. அவர்கள் குலச்சின்னத் தூணை அடைந்து ஊர் அமைத்தால்தான் அதற்குப் புதிய ஆற்றல் கிட்டுகிறது. இது இவ்வகை விளையாட்டுகள் பலவற்றுக்கும் பொதுவான இயல்பு. 'பாப்புலஸ்' விளையாட்டில் அடியார் தொகை பெருகினால்தான் தெய்வத்துக்கு நிலநடுக்கமும் வெள்ளமும் அனுப்பும் வலிமை உண்டாகிறது. அதே மோலினூ 2001இல் அளித்த 'பிளாக் அண்ட் ஒயிட்' விளையாட்டில், மக்கள் வழிபாட்டிடத்தில் நின்று வழிபட, அவ்வழிபாடே அற்புதங்களுக்கு எரிபொருளாகிறது. அவர்களின் நம்பிக்கையை அன்பாலும் பெறலாம், அச்சுறுத்தியும் பெறலாம்.

நம் பிள்ளைகள் மனனம் செய்திருக்கும் சிறிய அத்தியாயமான அல்இக்லாஸ் இங்கே உரைகல்லாகிறது. இறைவன் 'ஸமது': எவரிடமும் தேவையற்றவன், எல்லாரும் தேவைக்காக நாடும் இடம். வணங்குவோர் அனைவரும் விலகிவிட்டாலும் அவன் ஆட்சியில் அணுவளவும் குறையாது. தொண்டர் குறைந்தால் வலிமை குறையும் ஒன்றைத் தெய்வம் என்று அழைக்க நம் மொழி இடம் தராது. அதற்கு வேறு பெயர் உண்டு: அரசன். உயிர்ப்பிப்பதும் இறக்கச் செய்வதும் தன் கையில் என்று இப்ராஹீம் நபியிடம் வாதிட்ட மன்னனையும், ஆறுகள் தன் கீழ் ஓடுவதைக் காட்டிப் பெருமை பேசிய ஃபிர்அவ்னையும் குர்ஆன் நமக்கு அறிமுகப்படுத்தியுள்ளது. ஆறுகளைத் திருப்பும் இவ்விளையாட்டுகள் காட்டுவது அத்தகைய அதிகாரத்தின் சுவையையே. ஆகவே கவனம் வைக்க வேண்டிய இடம், ஆடும் பிள்ளை தன்னைக் கடவுள் என்று நம்பிவிடுமோ என்பதன்று; கடவுள் என்றாலே அடியாரை நம்பி வாழும் ஓர் அரசன் என்ற எண்ணம் அதன் உள்ளத்தில் அறியாமலே படிந்துவிடுமோ என்பதே.

'ஃப்ரம் டஸ்ட்' விளையாட்டின் குறைகளும் இங்கிருந்தே விளங்கும். முகமூடி, குலச்சின்னத் தூண், நீரையும் தீயையும் விரட்டும் மந்திர இசை ஆகியவை கதையில் கேள்வியின்றி வெற்றி பெறுகின்றன. இவற்றை அழகியல் அலங்காரம் என்று மட்டும் கருதிக் கடந்துவிட முடியாது. மற்றொரு குறை அறம் சார்ந்தது. அம்மக்களுள் எவனுக்கும் பெயரில்லை. ஒருவன் வெள்ளத்தில் மூழ்கினால், ஊர் ஒன்று எஞ்சியிருக்கும்வரை ஆட்டம் தொடர்கிறது. ஓர் உயிரைக் காத்தவன் மனித குலம் அனைத்தையும் காத்தவன் போன்றவன் என்று கற்ற சமூகத்துக்கு இக்கணக்கு அந்நியமானது. 'மண்ணிலிருந்து' என்ற தலைப்பு நமக்கு ஆதம் நபியை நினைவூட்டுகிறது. ஆனால் மண்ணுக்குள் ஊதப்பட்ட ரூஹினால் மனிதன் பெற்ற கண்ணியம் இவ்விளையாட்டில் இடம்பெறவில்லை.

எனின், தடுப்பதா, அனுமதிப்பதா? அகவை, நேரம், தொழுகை ஆகியவற்றுக்கு ஊறு நேராமை என்ற பொதுவான நிபந்தனைகள் இதற்கும் உண்டு. சடங்குகளையும் கதையையும் பிரித்தறியாத சிறுவர்க்கு இது உகந்ததன்று என்பதே நம் கருத்து. பிரித்தறியும் வயதுடையோர் ஆடுவார்களாயின், பெற்றோரும் ஆசிரியரும் அருகிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இந்த மக்கள் அனைவரும் இறந்துவிட்டால் உன் 'கடவுள்' என்ன ஆவார்?" ஆட்டம் முடிந்துவிடும் என்று பிள்ளை பதில் சொல்லும். தவ்ஹீத் பாடத்தை அந்தப் பதிலிலிருந்தே தொடங்கலாம்.