சங்கரநாராயணர் வடிவமும் ரூபாய்க் குறியீடும்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் கோயில் கொண்டுள்ள சங்கரநாராயணர் திருவுருவம் பெரும்பாலும் பக்தி நோக்கிலும் சமய ஒற்றுமை நோக்கிலுமே பேசப்படுகிறது. இரு தரப்பினருக்குப் பொதுவான ஓர் அடையாளச் சின்னத்தை எப்படி அமைப்பது என்ற வடிவமைப்புச் சிக்கலுக்கும் அது ஒரு தெளிவான விடை.

தலபுராணப்படி சங்கன், பதுமன் என்ற நாக அரசர்களுள் ஒருவன் சிவபக்தன், மற்றவன் திருமால் பக்தன். எந்தத் தெய்வம் பெரிது என்று இருவருக்கும் வாதம் எழுந்தது. கோமதியம்மன் தவமிருந்து இருவரும் ஒன்றான கோலத்தைக் கண்டாள். ஆடித் தபசு விழா இதை ஒட்டியது. இன்றைய வடிவமைப்பாளரின் மொழியில் சொன்னால், ஒத்துப்போகாத வாடிக்கையாளர் இருவர், கேட்பதோ ஒரே சின்னம்.

சிற்ப மரபு இதற்கு நடுவே ஒரு செங்குத்துக் கோட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. வலப்பாதியில் சடை, பிறை, மழு. இடப்பாதியில் கிரீடம், சங்கு. முகமும் உடலும் ஒன்றே. சைவர் தம் பாதியை விரல் நீட்டிக் காட்டலாம், வைணவரும் அப்படியே. ஒன்று மற்றதற்குள் கரைந்துவிடவில்லை. இந்த உத்தி சங்கரன்கோவிலில் பிறந்ததல்ல. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாதாமி முதல் குகையிலும், மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்திலும் ஹரிஹர வடிவம் உண்டு. ஆனால் இங்கே கோயில், திருவிழா என எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளமாக நிலைத்தது.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ரூபாய்க் குறியீடு (₹). தமிழரான த. உதயகுமார் வடிவமைத்த இதை இந்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. தேவநாகரி 'ர' எழுத்தும், நெடுங்கோடு நீக்கப்பட்ட ரோமன் 'ஆர்' எழுத்தும் இதில் ஒரே உருவாகின்றன. மேலே உள்ள இரு கிடைக்கோடுகள் மூவண்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. கையால் விரைந்து எழுதலாம், பொடி எழுத்திலும் சிதையாது. நாணயக் குறிக்கு இவை இன்றியமையாதவை. சங்கரநாராயணர் வடிவத்தை இப்படி எழுத முடியாது. சிறிதாக்கினால் மழுவும் சங்கும் மறைந்துவிடும், அலங்காரம் சாத்தினால் நடுக்கோடுகூடத் தெரியாமல் போகலாம்.

கைத்திறனில் குறை சொல்ல இடமில்லாத சின்னம்தான் ₹. குறை வேறிடத்தில் இருக்கிறது. அதில் இரண்டு எழுத்துமுறைகளுக்கே இடம். அவ்விரண்டையும் படிப்பவருக்கு அது இரு பாதி. தமிழோ வங்காளமோ மட்டும் படிப்பவருக்கு அதில் தன்னுடையது என்று சுட்ட ஒரு கீற்றும் இல்லை. அத்தனை எழுத்துமுறைகளையும் ஒரே உருவில் அடைக்க எந்த வடிவமைப்பாளராலும் முடியாது என்பதும் உண்மை. அப்படியானால் எந்த எழுத்தையும் சாராத ஓர் உருவத்தைத் தேடியிருக்கலாமே என்ற கேள்வி மிஞ்சுகிறது.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையில் ₹ நீக்கப்பட்டு 'ரூ' இடம்பெற்றது. பெரும் சர்ச்சை எழுந்தது. விவாதம் முழுவதும் அரசியலாகவே நடந்தது, வடிவமைப்பு பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. 'ரூ' புதிய சின்னம் அல்ல. தமிழ்க் கடைச் சீட்டுகளிலும் கணக்கேடுகளிலும் நெடுங்காலமாக எழுதப்பட்டுவரும் சுருக்கம். படிப்பவருக்கு உடனே புரியும் என்பது அதன் வலிமை. ஆனால் அது வெறும் எழுத்து, தமிழ் அறியாதவரிடம் எதையும் சொல்லாது. ₹ தமிழருக்கு இடம் தராதது போலவே 'ரூ'வும் பிறருக்கு இடம் தருவதில்லை. நாகர்கள் இருவரும் தத்தம் தெய்வத்துக்குத் தனித்தனிக் கோயில் கட்டிக்கொண்ட நிலைதான் இது. கோமதியம்மனின் தவம் இன்னும் தொடங்கவில்லை.