பழம்படங்களும் நம் வீட்டுத் திரையும்

தென்னிந்தியாவில் திரைப்படம் பரவிய வரலாற்றை எழுதுவோர் திருச்சிராப்பள்ளியை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. 1905ஆம் ஆண்டில் இந்நகரில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற இளைஞர், படம் காட்ட வந்த இடத்தில் நோயுற்ற டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். நிலையான வேலையைத் துறந்தார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அவர் கையிலிருந்த சுருள்களுள் பெயர் பெற்றது இயேசுவின் வாழ்க்கையைக் காட்டிய படம். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் அவர் நிறுவினார். திருச்சியையும் ஈரோட்டையும் இணைக்கும் இருப்புப் பாதை ஓடும் ஜீயபுரத்தில் அமர்ந்து இதை எழுதும்போது, நம் மக்கள் கண்ட முதல் ஐரோப்பியப் படங்களுள் ஒன்று நம் ஆண்டவரின் திருப்பாடுகளைப் பற்றியது என்ற எண்ணம் நெஞ்சில் நிற்கிறது.

அத்தகைய படங்களைப் பிரெஞ்சு நிறுவனங்கள் அந்நாளில் உலகெங்கும் அனுப்பின. அவற்றுள் புகழ்பெற்றது, பாத்தே நிறுவனத்திற்காக ஃபெர்டினான்ட் சேக்காவும் லூசியன் நோங்கேயும் 1902 முதல் 1905 வரை சிறிது சிறிதாக விரிவாக்கி எடுத்த 'கிறிஸ்துவின் வாழ்வும் பாடுகளும்'. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. சமயம், விழுமியம், கலை என்று பிரிவுக்குப் பதினைந்தாக அமைந்த பட்டியல் அது. கூடாரத்தில் காட்டப்பட்ட அக்காலப் படம் இன்று குறுந்தகடாக நம் வீட்டு அலமாரியில் நிற்கக்கூடும். பழைய பிரிட்டானிய, ஐரோப்பியப் படங்கள் இவ்வாறு வீட்டிற்கே வந்து சேர்வதால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன? அப்பட்டியலில் உள்ள நான்கு படங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் சேக்கா, நோங்கே படத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான காட்சிகளில் கருவி அசையாது நிற்கிறது. மேடைக்கு எதிரே அமர்ந்தவரின் பார்வை அது. சில பகுதிகளில் வார்ப்பட்டைகளைக் கொண்டு வண்ணம் தீட்டியுள்ளனர். நம் ஊர்களில் பாஸ்கு நாடகம் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊமைப்படக் காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொன்னார். கூடியிருந்தோர் கேட்டனர், வியந்தனர், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டனர். வீட்டுத் தகட்டில் அந்தச் சொல்லி இல்லை. அவருக்கு ஈடாக அறிஞரின் விளக்கவுரை சில தகடுகளில் உண்டு என்றாலும் அது ஆங்கிலத்தில் உள்ளது. படம் பிழைத்தது, படத்தைச் சூழ்ந்திருந்த மக்கள் கூட்டம் பிழைக்கவில்லை.

இரண்டாவது, டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரையர் 1928இல் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. 1431இல் எரிக்கப்பட்ட அக்கன்னியைத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920இல் புனிதராக உயர்த்தினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த இப்படம் விசாரணை ஏடுகளை அடிப்படையாகக் கொண்டது. பாரிஸ் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் வற்புறுத்தியதால் பிரான்சில் பல பகுதிகள் வெட்டப்பட்டே அது வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் பெர்லினில் மூல எதிர்ச்சுருள் தீக்கிரையாயிற்று. டிரையர் எஞ்சிய காட்சித் துண்டுகளிலிருந்து மீண்டும் ஒரு படத்தைக் கோத்தார். அதுவும் தீயில் அழிந்தது. அதன்பின் அரை நூற்றாண்டாக உலகம் கண்டவை குறைப்பட்ட பிரதிகளே. 1981இல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர்ப்புறத்து மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியில், வெட்டுப்படாத டேனிஷ் பிரதி கண்டெடுக்கப்பட்டது. நாம் இன்று வீட்டில் காண்பது அந்த அலமாரி நமக்களித்த கொடை. தீயில் மடிந்தவளைப் பற்றிய படம் இருமுறை தீயில் மடிந்து எழுந்தது என்பதை எண்ணும்போது நம் மனம் சற்றே நின்றுவிடுகிறது.

இப்படத்தை வெளியிட்ட நிறுவனங்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. எனினும் தகட்டைக் கையில் எடுத்தவுடன் நாம் இரண்டு வினாக்களை எதிர்கொள்கிறோம். முதலாவது, எந்த வேகம்? ஊமைப்படங்கள் ஒரே சீரான வேகத்தில் காட்டப்பட்டவை அல்ல. ஆகவே நொடிக்கு 20 சட்டங்கள் என்றும் 24 சட்டங்கள் என்றும் இரு வகையாகவும் இப்படத்தை வெளியிட்டுள்ளனர். இரண்டாவது, எந்த இசை? அமெரிக்கத் தகட்டில் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் 1994இல் இயற்றிய பாடற்குழு இசை சேர்ந்து வருகிறது. அழகிய இசைதான், ஆனால் அழகிய இசை சில வேளைகளில் நமக்கு அழுவதற்கு எளிய வழியைக் காட்டிவிடுகிறது. 1952இல் வேறொருவர் பழைய மேதைகளின் இசையைச் சேர்த்து வெளியிட்ட வடிவத்தை டிரையர் ஏற்கவில்லை. நம் பரிந்துரை இது: முதன்முறை ஒலியை முற்றும் அடக்கிவிட்டு, மெதுவான வேகத்தில் காணுங்கள். ஃபால்கொனெத்தியின் முகமே போதும். அந்த முகத்தில் ஒப்பனை இல்லை. கண்ணீர் வழிகிறது, ஈ ஒன்று வந்து அமர்கிறது, விடை சொல்லுமுன் அவள் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் ஒரு முழு மறையுரை அடங்கியிருக்கிறது.

அருள்பணியாளராகிய நமக்கு இது எளிதான படம் அன்று. நீதிபதிகளாக அமர்ந்திருப்போர் நம் உடையை அணிந்தவர்கள், மறைநூல் கற்றவர்கள், நாம் குருமடத்தில் பயின்ற அதே தருக்க முறையில் ஓர் ஏழைப் பெண்ணைச் சொற்பொறியில் சிக்கவைக்கிறார்கள். அவர்களிடையே ஓர் இளங்குரு மட்டும் அவளுக்கு மெல்ல எச்சரிக்கை தருகிறார். இறுதியில் சிலுவையை உயர்த்திக் காட்டுகிறார். தவக்கால வெள்ளி ஒன்றில் அன்பியக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் இப்படத்தைக் கண்டபோது, எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல நிக்க ஒருத்தர்கூடவா இல்ல, சாமி?" திரையில் வந்த ஆங்கில எழுத்துகளை அவர் வாசிக்கவில்லை. படத்தை மட்டுமே வாசித்தார். படத்தின் மையத்தை அவரைவிடச் சுருக்கமாக எவரும் உரைக்க நாம் கேட்டதில்லை.

மூன்றாவது, இத்தாலியப் படைப்பாளர் பியர் பாவ்லோ பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி', 1964. பசோலினி மார்க்சியர். அதற்கு முந்திய ஆண்டில்தான் மற்றொரு படத்திற்காகச் சமயத்தை அவமதித்தார் என்று நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. அதே மனிதர் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்கு இப்படத்தைக் காணிக்கையாக்கினார்; வெனிஸ் விழாவில் அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. தென்னித்தாலியின் மத்தேரா போன்ற வறண்ட ஊர்களில், தொழில்முறை நடிகர்களை ஒதுக்கி, உழவரையும் நண்பரையும் கொண்டு எடுத்தார். என்றிக்கே இராசோகி என்ற மாணவர் இயேசுவாகவும், பசோலினியின் சொந்தத் தாய் முதுமையில் மரியாவாகவும் தோன்றினர். நம் நாட்காட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் பழகிய கருணை ததும்பும் இயேசுவை எதிர்பார்ப்பவர் இங்கே திடுக்கிடுவர். இவர் விரைந்து நடக்கிறார், நடந்தவாறே பேசுகிறார், கேட்போர் பின்னால் ஓடிவரவேண்டியிருக்கிறது. மலைப்பொழிவு இனிய உரையாக அன்றி ஆணையாக வந்து விழுகிறது. பாக்கின் இசையும் கொங்கோ நாட்டு மக்களின் திருப்பலி இசையும் அருகருகே ஒலிக்கின்றன. குறையும் உண்டு. சொற்பொழிவுப் பகுதிகள் சில இடங்களில் படத்தின் ஓட்டத்தை இறுக்குகின்றன. எனினும் நற்செய்தியைப் பலமுறை கேட்டுக் கேட்டுச் செவி மழுங்கிய நமக்கு அதை முதன்முறை கேட்பதுபோல் கேட்கச் செய்வது சிறிய தொண்டு அன்று.

நான்காவது, ஃபிரெட் சின்னமான் இயக்கிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்'. 1966இல் வெளியாகி ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற பிரிட்டானியப் படம். இராபர்ட் போல்ட் தம் நாடகத்தைத் தாமே திரைக்கு எழுதினார். புனித தாமஸ் மூராகப் பால் ஸ்கோஃபீல்டு நடித்தார். நால்வகைப் படங்களுள் பொதுநிலையினரின் வீட்டிற்கு மிகவும் உரியது இதுவே. மூர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். கணவர், தந்தை, வழக்கறிஞர், அரசு அலுவலர். அவர் மறைசாட்சியாவதற்கு ஆவல் கொள்ளவில்லை. சட்டத்தில் தப்பிக்க வழியுண்டா என்று கடைசிவரை தேடுகிறார். மௌனத்தையே கேடயமாகக் கொள்கிறார். வழி அடைபட்ட பின்னரே உயிரைக் கொடுக்கிறார். கையூட்டு, பொய்ச்சான்று, மேலதிகாரிக்கு அஞ்சி இடும் கையொப்பம் ஆகியவற்றினூடே அலுவலகத்தில் நாள் கழிக்கும் நம் மக்களுக்கு இவரைவிட நெருங்கிய புனிதர் யார்? 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை ஆட்சியாளர்களுக்கும் அரசியலாளர்களுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். உரையாடலால் ஆன படம் என்பதால் சிறிய திரையில் இதற்கு இழப்புக் குறைவு. ஆனால் உரையாடலே உயிர் என்பதால், ஆங்கிலம் அறியாதவருக்கு இழப்பு மிகுதி. ஜோன் நம் மூதாட்டியோடு பேசினாள், மூர் பேசவில்லை. தமிழில் துணையெழுத்து அமைத்துத் தரும் பணியைக் கல்லூரி மாணவர் ஏற்றால் அது உண்மையான மறைப்பணியாகும்.

இத்தகைய படங்கள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த காலமும் குறுகியதே. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தகடுகளை விற்றுச் சந்தையைக் கலக்கியது. 2008இல் என்.டி.டி.வி. லூமியேர் உலகப் படங்களை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவர முனைந்தது. இரண்டும் நிலைக்கவில்லை, மோசர் பேயரைக் கலைக்க 2018இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. இன்று இணையவழியே படம் பார்க்கிறோம். அங்கே நேற்று இருந்த படம் உரிமம் முடிந்ததும் இன்று மறைந்துபோகிறது. கையிலுள்ள தகடு அவ்வாறு மறைவதில்லை. ஆகவே பழைய தகடுகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

காப்பது எத்துணை அரிது என்பதற்கு நம் கதையே சான்று. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. 1933இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா' ஊமைப்படம் எஞ்சியதற்குக் காரணம் ஒரு வழக்கு! கதையின் உரிமை பற்றிய பூசலில் சுருள் முடக்கி வைக்கப்பட்டதால் அது பிழைத்தது. பின்னர் 1964இல் தோன்றிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. அன்பு செய்து காத்தவர் இல்லாத இடத்தில் வழக்காடியவர் காத்தனர்.

இனி, காணும் முறை பற்றி ஒரு சொல். வீட்டில் நம் கையில் ரிமோட் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆற்றல்கள். ஒன்று நிறுத்துவது, மற்றொன்று தாண்டுவது. நிறுத்துவது நல்லது. சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையிலும் நாம் நிற்பதில்லையா? ஜோனின் முகத்தில் நிறுத்தி நோக்குவது செபத்திற்கு அண்மையானது. தாண்டுவதோ வேறு. துன்பம் நீள்கிறது என்று விரலை அழுத்துவோர், கெத்சமனித் தோட்டத்தில் உறங்கிய சீடரின் நிலையை அடைகின்றனர். கூடாரத்தில் இருந்தவருக்குத் தாண்டும் வாய்ப்பு இல்லை. அருகிருந்தோர் அவரை அமர்த்தி வைத்தனர். ஆகவே தனியே காணாதீர்கள். தகட்டின் உறையில் வீட்டில் காண்பதற்கு மட்டும் என்று அச்சிட்டிருப்பதை மதித்து, அரங்கு எடுத்துக் கட்டணம் வாங்காமல், ஒரு வீட்டில் நான்கு குடும்பங்கள் அமருங்கள். நம் அன்பியங்கள் வீடுகளில்தானே கூடுகின்றன! படம் முடிந்ததும் விளக்கைப் போடுமுன் ஐந்து நிமிடம் மௌனமாயிருங்கள், பிறகு பேசுங்கள். வின்சென்ட்டின் கூடாரத்தில் கதை சொன்னவரின் இடத்தை உங்கள் வீட்டு மூத்தவர் ஏற்கட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் நம் பங்குகளில் நடந்த பாஸ்கு நாடகங்கள், தேர்பவனிகள், குருத்துவத் திருநிலைப்பாடுகள் வீடியோ நாடாக்களில் பதிவாயின. அவற்றுட் பல இன்று பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் நடித்தோர், பாடினோர் பலர் இறைவனடி சேர்ந்துவிட்டனர். ஆஸ்லோவின் அலமாரியை யாரோ ஒருவர் திறந்ததால் ஜோன் நமக்குக் கிடைத்தாள். உங்கள் வீட்டு அலமாரியையும், பங்கு இல்லத்துப் பெட்டியையும் இந்தத் தவக்காலத்திற்குள் ஒருமுறை திறந்து பாருங்கள். நாடா கிடைத்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம். ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். உலர்ந்த துணியில் சுற்றி வைத்து, நாடாவைக் கணினிக்கு மாற்றத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். பெயரும் ஊரும் ஆண்டும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.